முதலில் தண்ணீரை அளந்தோம்

ஆயிரத்து அறுநூறு என்றது கடத்துமானி.
இன்னும் ஒரு சொட்டு அமிலம்கூட விடவில்லை.

மின்முனையைக் கழுவினோம், துடைத்தோம்,
பழைய பெட்டியின் தலையில்
உள்ளங்கையால் ஒரு தட்டு.
ஆயிரத்து அறுநூற்றுப் பத்து.

காய்ச்சி வடிக்கும் கலத்தின் சுருள்
சுண்ணாம்பு பூத்துச் செத்து மூன்று மாதம்.
புதுச் சுருளுக்கு நான் எழுதிய கடிதம்
சேலம் வரை போயிருக்கலாம்.
அதனால் இது குழாய்த் தண்ணீர்.
கல்லூரிக்குப் பின்னால், எழுநூறு அடியில்
பாறை இடுக்கில் கிடந்து ஏறி வந்தது.

"அவ்ளோ என்ன மேடம் இருக்கு இதுல?"
உப்பு, சுண்ணாம்பு, கொஞ்சம் ஃப்ளோரைடு என்றேன்.
மாதம்மா சிரித்தால் எப்போதும் வாயைப் பொத்துவாள்.
இந்த முறை கையை எடுத்தாள்.
"அப்ப இதான்" என்று
முன்பல்லின் பழுப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள்.
நான் மானியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒகேனக்கல் சாலையில் தீர்த்தகிரியின் பேட்டரி கடை.
ஐந்து லிட்டர் கேன், என் காசு.
"இன்வெர்ட்டருக்கா?"
"வினிகருக்கு."
அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

மூன்று என்றது கடத்துமானி.
வெறும் மூன்று.
இனி அமிலத்தைப் பற்றிப் பேசலாம்.

பத்தில் ஒரு மோலார் அசிட்டிக் அமிலம்: ஐந்நூற்று இருபது.
பெருக்கலை இரண்டு முறை தப்பாகப் போட்டு
மூன்றாவதில் வந்து சேர்ந்தோம்:
ஆயிரம் மூலக்கூறில் பதிமூன்றுதான்
தன் புரோட்டானைக் கைவிட்டிருக்கிறது.
மூக்கைத் துளைக்கிற நெடியெல்லாம்
விடமாட்டேன் என்று பிடித்திருக்கும் மிச்சக் கூட்டத்தினுடையது.

பத்து மடங்கு தண்ணீர்: ஆயிரத்தில் நாற்பத்தொன்று.
இன்னும் பத்து மடங்கு:
எட்டில் ஒன்று விட்டுவிட்டது.
மானியில் எண் இறங்க இறங்க
நோட்டில் பிரிகை ஏறுகிறது.
"நெரிசல் கொறஞ்சா கைய வுட்ருது" என்றாள் மாதம்மா.
பாடநூலுக்கு இதைச் சொல்ல அரைப் பக்கம் வேண்டியிருந்தது.

ஆனால் மூன்றையும் வாய்ப்பாட்டில் போட்டால்
ஏறக்குறைய ஒரே மாறிலி.
எவ்வளவு ஊற்றினாலும் அதன் குணம் அதுதான்.

ரெக்கார்டு நோட்டில், பிழைக்கான காரணங்கள் என்ற இடத்தில்,
எல்லோரும் வெப்பநிலை என்று எழுதியிருந்தார்கள்.
அவள் எழுதியிருந்தாள்:
தண்ணீர், 1600, பென்னாகரம்.
வெளித்தேர்வாளர் அடிக்கச் சொல்வார்.
பச்சை மையில் கையெழுத்துப் போட்டேன்.

கேனில் மீதி மூன்று லிட்டர்.
மூடியை இறுக்கி, 'குடிக்க அல்ல' என்று ஒட்டி
பீரோவில் வைத்துப் பூட்டினேன்.
மேசைமேல் என் பாட்டில்,
காலையில் குழாயில் பிடித்தது.
தாகமாக இருந்தது.