கறுப்புக்கு மை கூட

கச்சேரிக்கு எதிர்ப்பக்கம், கண்டி வீதியிலை
என்ரை கடை.
கடையெண்டால் ஒரு கண்ணாடி, ஒரு மூடி,
அடியிலை ஓடித் திரும்புற ஒரு வெளிச்சம்.
பக்கம் இருவது ரூபா.
அடையாள அட்டை, முன்னும் பின்னும் ஒரே தாளிலை எண்டால் முப்பது.

இந்த மாவட்டம் என்ரை கண்ணாடியிலை
முகங்குப்புறப் படுத்து எழும்பிப் போகுது.
பிறப்பு, விவாகம், காணி உறுதி,
ஆசுப்பத்திரித் துண்டு,
காணாமப் போனவர் கடைசியாய்ப் போட்டிருந்த சேட்டு
என்ன நிறமெண்டு கேக்கிற படிவம்.
நான் வாசிக்கிறேல்லை.
வாசிக்கிறேல்லை எண்டு சொல்லிக்கொள்ளுவன்.
தலைகீழாய்க் கிடக்கிற எழுத்து
பன்னிரண்டு வரியத்திலை ஆருக்குத்தான் பழகாது?

பத்மலோசினி வந்தா.
ஊர் வசாவிளான்; வந்தது
ஏழாவது வாடகை வீட்டிலையிருந்து.
"தகவல் கேட்டு எழுதினனான். மறுமொழி வந்திருக்கு.
நாலு கொப்பி எடுங்கோ."

மூண்டு பக்கம்.
முதல் பக்கம் முழுக்க அவதான்:
தேப்பன்ர பேர், அட்டை இலக்கம், கைபேசி,
இருந்த முகாமெல்லாம் வரிசையிலை,
மூத்தவன் கனடாவுக்கு ஏறின மாதம் உட்பட.
அவ கேட்டது ஒரே ஒரு கேள்வி:
என்ரை வளவுக் கிணறு இன்னும் இருக்கோ,
அதிலை இப்ப ஆர் குளிக்கினம்?

மற்ற ரெண்டு பக்கமும் கறுப்பு.
கட்டை கட்டையாய், வரிக்கு வரி.
ஓரத்திலை ஒரு முற்றுப்புள்ளி மட்டும் தப்பியிருந்தது.
அடியிலை: பாதுகாப்புக் காரணங்களுக்காக.

கறுப்பு கனக்க மை குடிக்கும்.
சனத்துக்கு அது தெரியாது.
நாலாவது கொப்பியிலை மெஷின்
சிவப்பு லைற்றைக் காட்டிச்சுது.
"பிழைச்சுப் போச்சோ?"
"இல்லையக்கா, தூள் முடிஞ்சுது."
ஒளிக்கிறதுக்கு இவ்வளவு செலவெண்டு
அவைக்கு ஆர் பில் அனுப்புறது?
நான் வழமையான காசுதான் வாங்கினன்.

பிழைச்ச தாளுகளை முந்திக்
கச்சான்காரனுக்குக் குடுப்பன்.
ஒருமுறை நல்லூர்த் தேரடியிலை சுருளைப் பிரிக்க,
உள்ளுக்கை ஒரு பிள்ளையின்ர இரத்தச் சோதனை.
பேரோடை. உப்போடை.
கச்சான் தொண்டைக்குள்ளை இறங்கேல்லை.
அண்டையிலையிருந்து கிழிக்கிறன்,
குறுக்காலை ஒருக்கா, நெடுக்காலை ஒருக்கா.
ஒரு சட்டமும் அதை எனக்குச் சொல்லித் தரேல்லை.

போன மாசி, ரெண்டு பேர் வந்தினம்.
சிவில் உடுப்பு. சப்பாத்து மட்டும் சிவில் இல்லை.
கையிலை தாளொண்டும் இல்லை.
"இந்த மெஷினுக்கு மெமறி இருக்கோ?"
நல்ல தமிழ். நல்ல சிரிப்பு.
"பழசு. சிங்கப்பூரிலை கழிச்சுவிட்டது.
அதுக்கு ஒண்டும் ஞாபகமில்லை" எண்டன்.
பேர் கேட்டினம், சொன்னன்.
வீடு கேட்டினம், சொன்னன்.
தெரிஞ்சதைக் கேக்கிறவையின்ர முகம் எனக்குத் தெரியும்.
நான் அவையின்ர பேரைக் கேட்டன்.
திரும்பவும் சிரிச்சினம்.

அண்டிரவு கதவைப் பூட்டிப்போட்டு
பின்பலகையைக் கழட்டினன்.
பல்லுச்சில்லு, தூசி, செத்த கரப்பான்,
மூலையிலை உள்ளங்கையளவு தகரப் பெட்டியொண்டு.
என்னெண்டு எனக்கு விளங்கேல்லை.
கொழும்பு மெக்கானிக்கைக் கேக்கலாம்.
கேட்டால், நான் கேட்டது அவனுக்குத் தெரியும்.
ஆணியளைத் திருப்பி முறுக்கினன்.
ஒண்டு மிஞ்சிப் போச்சு. லாச்சிக்குள்ளை கிடக்கு.
அவையளுக்கு நான் சொன்னது
பொய்யோ மெய்யோ எண்டு
இன்னும் எனக்குத் தெரியாது.

இண்டைக்குக் காலமை ஒரு பெடியன்.
கடிதவுறையை நெஞ்சோடை அமத்திப் பிடிச்சுக்கொண்டு,
"அக்கா, குறை நினைக்காதேங்கோ,
கொஞ்சம் அங்காலை பாருங்கோ."

பாத்தன். சுவர்.
கிழிக்காமல் விட்ட கலண்டர்.
கை தன்பாட்டிலை பொத்தானைத் தேடிச்சுது.
முதுகுக்குப் பின்னாலை வெளிச்சம்
ஒருக்காப் போய் வந்தது.

சூடு ஆறமுந்தித் தாளை மடிச்சான்.
காசை வைச்சான்.
பிறகு மூடியைத் தானே தூக்கி,
கண்ணாடியிலை ஏதும் மிஞ்சியிருக்கோவெண்டு
குனிஞ்சு பாத்தான்.

அவன் போன பிறகு
நானும் பாத்தன்.