காயப் பட்டியல்

வெள்ளி மாலை மூன்று மணிக்குள் பட்டியல் போயாக வேண்டும்.
தட்டச்சு செய்பவள் நான்.
ஈரி ஏரிக் காற்று சன்னலைப் பிடித்து உலுக்கும் அறையில்
பதினோரு பருவங்களாக
அடுத்தவர் முழங்கால்களை
ஒற்றை வரியில் எழுதி வருகிறேன்.

பெயர். உறுப்பு. நிலை.
நிலைக்கு மூன்றே சொற்கள்:
ஆடமாட்டார்.
சந்தேகம் — வரமாட்டார் என்பதை
மரியாதையாகச் சொல்வது.
கேள்விக்குறி — வந்தாலும் வரலாம்.
நலம் என்றொரு சொல் கிடையாது.
நலமாயிருப்பவன் பெயர்
என் மேசைக்கு வருவதேயில்லை.

தவீட்டா லெயாத்தௌவா.
முதல் வருடம் இந்தப் பெயரை நான்கு முறை தப்பாக அடித்தேன்.
இப்போது கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.
அதுவே அவன் கதை.

இரண்டாம் சுற்று, நாற்பத்தொன்றாவது தேர்வு.
டகோமாவில் அவர்கள் வீட்டுக் கூடத்தில்
தொலைபேசி ஒலித்த அன்று
அத்தை ஒருத்தி போட்ட கூச்சலில்
தெரு நாய்கள் எல்லாம் குரைத்தனவாம்.
அவனே சொன்னான், ஐஸ் தொட்டியில் இடுப்பளவு உட்கார்ந்து
பற்கள் கிடுகிடுக்க.

அந்த ஆகஸ்டில் இடது முழங்கால்.
யாரும் தொடவில்லை. புல்லில் திரும்பினான், அவ்வளவுதான்.
மறு வருடம் தொடைத் தசை.
ஆறு வாரம் கழித்து அதே தொடை, அதே தசை,
என் விசைப்பலகையில் அதே எழுத்துகள்.
பிறகு காறையெலும்பு.
அதுவும் பயிற்சியில், சொந்த அணிக்காரன் மேலே விழுந்து.

வானொலிக்குப் பேசிய டயர் கடைக்காரர் சொன்னார்:
'நாற்பத்தொன்றைக் கொடுத்து
ஒரு கண்ணாடி டம்ளர் வாங்கினோம்.'
அவரைக் குறை சொல்ல முடியாது.
ஆறு பெயர் தள்ளி எடுக்கப்பட்டவன்
வேறொரு ஊரில்
ஓர் ஆட்டம் விடாமல் ஆடுகிறான்.
வாங்கினோம் என்றுதான் எல்லாரும் சொல்கிறோம்.
நானும்தான்.

நாற்பத்தெட்டு ஆட்டங்கள். இறங்கியது ஒன்பதில்.
இனி இவனால் ஆகுமா என்று மேல்மாடியில் கேட்கிறார்கள்.
படம் பிடிக்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், அளக்கிறார்கள்.
காயத்தைக் கேட்டால்
காயம்தானே பதில் சொல்லும்.

போன ஞாயிறு பனி.
ஆறிப்போன பீன்ஸ் சூப்போடு
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.
உதைத்த பந்து இறங்குகிறது.
பதினொரு பேர் ஓடுகிறார்கள். அவன் ஐந்தாவதாக.
முன்பெல்லாம் முதலாவதாக ஓடியிருப்பான்.
பந்துக்காரனை அவன் பிடிக்கவில்லை.
ஒட்டிய எலும்பு உள்ள அதே தோளை
வழிமறித்தவன் மார்பில் கொடுத்து
நின்றான்.
ஒரு சாண் நகரவில்லை.
ஓரக்கோட்டை நம்பி வந்தவன்
வேறு வழியில்லாமல் உள்ளே திரும்பினான்.
அங்கே ஊடெகெர்க் இருந்தான்.

ஒலிபெருக்கி ஊடெகெர்க் பெயரைச் சொன்னது.
கூட்டம் ஊடெகெர்க் பெயரைக் கத்தியது.
அன்றிரவு புள்ளித் தாளை
மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தேன்.
ஓடியவனுக்குக் கட்டம் உண்டு, விழுத்தியவனுக்கு உண்டு,
பந்தைத் தவறவிட்டவனுக்குக்கூட உண்டு.
எதிரியை மனம் மாற வைத்தவனுக்கு இல்லை.

சொல்லிவிடுகிறேன்: அந்த ஆட்டத்தில் தோற்றோம்.
பதின்மூன்று புள்ளிகளில்.

இன்று இரண்டே முக்காலுக்குக் கதவருகே வந்து நின்றான்.
முழங்காலில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஐஸ்,
தரையெல்லாம் சொட்டு.
'எந்தக் கால்?' என்றேன்.
'கை. சுண்டுவிரல். புதுசு' என்றான்,
வீட்டுக்கு விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல.

மருத்துவர் குறிப்பில் இரண்டுக்கும் நடுவே ஏதோ கிறுக்கல்.
எது என்று எனக்குப் புரியவில்லை.
என் தோளுக்கு மேலே எட்டித் திரையைப் பார்த்தான்.
'சந்தேகம் வேண்டாம், நோரீன்.
கேள்விக்குறி போடுங்கள்.'

மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.
மருத்துவருக்குப் போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை.
தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது.