அப்பா நெருப்பில் வேலை செய்கிறார்

எங்கள் மொழியில்
துலி என்றால் நெருப்பு.
தூலி என்றால் காற்று.
துல்லி என்றால் சுங்கம்.
தோர்னியோ பாலத்தின் இந்தப் பக்கம்
ஸ்வீடன் வண்டிகளை நிறுத்தி
'அறிவிக்க ஏதேனும் உண்டா?' என்று
இருபத்தோரு வருடமாய் நான் கேட்கும் இடம்.

மழலையர் பள்ளியில் வெய்க்கா சொன்னானாம்:
அப்பா நெருப்பில் வேலை செய்கிறார்.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.
அடுத்த வாரம் காற்றில் வேலை செய்தேன்.

ஐந்து வயது முடிந்தும் அப்படியே.
நாக்குதான் சோம்பேறி என்று முடிவு செய்து
கண்ணாடிக்கு முன் நிறுத்தினேன்.
மேலே மடி, பல்லில் ஒட்டு, அப்படியே பிடி.
செய்தான், அழகாகவே செய்தான்.
செய்து முடித்துச் சொன்னான்:
துலி.

கெமி மருத்துவமனையில் காது பார்த்தார்கள்.
மூடிய சின்ன அறைக்குள்
பூச்சி முனகுவது போன்ற ஒவ்வொரு ஒலிக்கும்
பொத்தானை அழுத்தினான்.
தாளில் கோடு ஒழுங்காக வந்தது.
காதில் குறையில்லை என்றார்கள்.
வரும் வழியில் மறுபடி நாக்கைத் திட்டினேன்.

பிப்ரவரி, மைனஸ் இருபத்தெட்டு.
எஞ்சினை ஓடவிட்டு
வண்டிக் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தேன்.
கையுறையை வாயில் பொத்தியபடி கேட்டேன்,
'தொப்பி எங்கே?'
என் முகத்தையே பார்த்தான்.
மறுபடி கேட்டேன், பார்த்தான்.
கையை இறக்கினேன்.
குரலே இல்லாமல்
உதட்டை மட்டும் அசைத்தேன்.

'பையில்' என்றான்.

எஞ்சினை அணைத்தேன்.

அந்தச் சின்ன அறைக்குள்
யாரும் நாற்காலி இழுக்கவில்லை.
இருபது பிள்ளைகள் பூட்ஸ் கழற்றவில்லை.
அங்கே அவனுக்கு ஒலி கேட்டது.
இங்கே, இரைச்சலுக்கு நடுவில்,
சொல்லை யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.

நெருப்புக்கும் காற்றுக்கும் நடுவே
இருப்பது ஒரு கைநொடி.
அது வந்து சேரவேயில்லை அவனிடம்.
வந்ததைத்தான் சொன்னான்,
பிசகாமல் சொன்னான்.
ஆயிரம் பெட்டிகளைத் திறந்து பார்த்தவன் நான்,
இதைத் திறக்கவில்லை.

பேச்சுப் பயிற்சியாளர் தைமி சொன்னார்,
'எல்லாப் பிள்ளைக்கும் இதுவே காரணம் என்றில்லை.
இவனுக்கு முதலில் கேட்கப் பழக்குவோம்,
நாக்கு கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.'
வானொலி நின்றது. பாத்திரங்கழுவி
அவன் தூங்கிய பிறகுதான் ஓடும்.
சிவப்புப் பொத்தான் நெருப்பு, நீலம் காற்று,
பழைய சீருடையிலிருந்து அறுத்த பித்தளை, சுங்கம்.
பாதி நாள் தவறாகத்தான் எடுப்பான்.
ஒருமுறை பித்தளையை விழுங்கப் பார்த்தான்.

நேற்று இரவு, படுக்கையில்,
துல் என்று சொல்லி நிறுத்தினான்.
ஒரு லாரி கடந்து போகும் அளவுக்கு நிறுத்தினான்.
பிறகு, லி.

'அப்போ அங்கே நெருப்பே இல்லையா?'
இல்லை என்றேன்.
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்,
கொஞ்சம் ஏமாற்றத்தோடு.