ஐந்தடி

செஞ்சையில் அடைக்கப்பன் வீட்டுப் பிளான்
நான் போட்டதுதான்.
நாலு பக்கமும் ஐந்தடி விட்டிருந்தேன்.
மழைநீருக்கு ஒரு வட்டம்,
மரம் என்று பச்சையில் ஒரு சுழி.
முத்திரை விழுந்தது.

கட்டி முடித்தபோது
என் சுவருக்கும் அவர் சுவருக்கும் நடுவே
ஒரு பூனை நுழையலாமா என்று யோசித்துத்
திரும்பிப் போனது.

இரண்டாம் மாடி நாலுமணி வெயிலை எடுத்துக்கொண்டது.
மூன்றாம் மாடி மூன்றுமணியை.
கேட்டேன்.
"வாடகைக்கு விடத்தானே அண்ணே" என்றார்,
ஆள் காலிசெய்ததும் வெயில்
திரும்பி வந்துவிடும் போல.

போர்வண்டி இரண்டு ராத்திரி குடைந்தது.
எண்ணூற்று நாற்பது அடி.
விடிந்து பார்த்தால்
எங்கள் செம்பருத்தி வெள்ளையாகப் பூத்திருந்தது,
இலைகூட வெள்ளை.

இப்போது அடுப்படியில் பகலிலும் டியூப்லைட்.
அங்கே குக்கர் விசில் அடித்தால்
தெய்வானை எழுந்துபோய்
எங்கள் அடுப்பை அணைக்கிறாள்.
பருப்பு அரைவேக்காடு.

ஐப்பசியில் ஒருநாள் கொட்டியது.
ஊரணிக்கு ஓடும் வாய்க்காலின்மேல்
பல் ஆஸ்பத்திரியின் படிகள் ஏறுகின்றன.
தண்ணீர் கொஞ்சநேரம் அங்கேயே நின்றது,
டோக்கன் வாங்கிய நோயாளி மாதிரி.
பிறகு எங்கள் கூடத்துக்கு வந்தது.
அடைக்கப்பன் வீட்டுக்கும் போனது;
தரைத்தளத்தில் அவருடைய கார்.
இருவரும் முழங்காலளவு நீரில் நின்று
வாளி கேட்டுக்கொண்டோம்.

இன்று ஒருவர் வந்திருக்கிறார்.
ஒரே சென்ட், பதினாலடி அகலம், மூன்று மாடி,
பேங்க் லோனுக்கு அவசரம்.
நாலு பக்கமும் ஐந்தடி விட்டுப் பார்க்கிறேன்,
மிச்சத்தில் ஒரு கட்டில் போடலாம்.
அவர் சிரிக்கிறார்: "தாளில்தானே விடுறோம்."
பென்சிலைச் சீவுகிறேன்.
வட்டம் மட்டும்
காம்பஸ் இல்லாமலே வருகிறது எனக்கு.