விலைச்சீட்டு

பருத்தி வயல் நடுவே
இருபத்தாறு வருடம் எரிந்த விளக்குகளை
நேற்று மாலை ஐந்து மணிக்கு அணைத்துவிட்டார்கள்.
அவ்வளவு பெரிய இருட்டை
கெல்லம் ஊர் மறந்தே போயிருந்தது.

டெலிவிஷன்காரப் பெண் மைக்கை நீட்டினாள்:
"பழைய கடைவீதியை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறதா, மிஸ் வெர்லீன்?"
அவளுக்குத் தேவை ஒரு பெருமூச்சு.
என்னிடம் ஸ்டாக் இல்லை.
பதினோராம் நம்பர் கல்லாவில்
பத்தொன்பது வருடம் நின்றவள் நான்.
இருப்பதைத்தான் தர முடியும்.

ப்ரூயிட் இரும்புக்கடையில்
ஒற்றை ஆணிகூட வாங்கலாம் என்பார்கள்.
வாங்கலாம்.
என் அப்பா ஒற்றை ஆணிக்கு நின்றால்
அவருக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள்
எல்லோரும் போன பிறகு
ஆணிப்பெட்டி திறக்கும்.
விலை எங்கும் எழுதியிருக்காது,
முகத்தைப் பார்த்து
வாயிலிருந்து வரும்.
எதிர்க்கடையில் தொப்பி.
அம்மா போட்டுப் பார்க்கக் கூடாது.
தலையில் பட்டால் வாங்கியாக வேண்டும்.

பெரிய கடை வரப்போகிறது என்றதும்
ப்ரூயிட்டின் மகன்
வீடு வீடாக மனு கொண்டுவந்தான்.
'நம் ஊரைக் காப்போம்.'
அந்த 'நம்'மை அம்மா
இரண்டு முறை படித்தாள்.
பேனாவை மூடி
அவன் சட்டைப்பையிலேயே செருகிவிட்டாள்.

திறந்த அன்று
ஒவ்வொரு பொருளிலும் ஒரு சீட்டு.
யார் தொட்டாலும்
இரண்டு டாலர் பதினேழு சென்ட்.
அம்மா ஒன்பது தொப்பிகள் போட்டுப் பார்த்தாள்.
கண்ணாடி முன்னால்
இப்படித் திரும்பி, அப்படித் திரும்பி.
ஒன்றும் வாங்கவில்லை.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருப்பேன்.
அதோடு நிறுத்தினால்
அதுவும் பொய்யாகிவிடும்.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
எங்களுக்கென்றும் ஒரு கடை இருந்தது.
ஐசோம் பெட்டிஸ் மளிகை.
கடன் நோட்டில் என் பெயருக்கு மட்டும் நான்கு பக்கம்.
ப்ரூயிட்டுக்குச் சொந்தக் கட்டடம், வங்கியில் மச்சான்.
ஒன்பது வருடம் தாக்குப்பிடித்தான்.
ஐசோம் இரண்டாவது குளிர்காலத்தோடு சரி.
அதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை
என் கல்லாவுக்கு வந்தார்.
அறுபது டஜன் முட்டை.
தன் கடையில் வைத்து விற்க.
மொத்த வியாபாரி கொடுப்பதைவிட
இங்கே சில்லறை விலை மலிவு.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நான் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அறுபது முறை
பீப்.

சம்பளம்?
வாரம் இருபத்தெட்டு மணி நேரம் வேலை.
இன்னும் கொஞ்சம் சேர்த்தால்
மருத்துவக் காப்பீடு தர வேண்டுமாம்.
அந்தக் கணக்கில் மட்டும்
அவர்களுக்குப் பிசகியதே இல்லை.
முட்டி தேய்ந்ததற்கு
ஐந்தாம் வருடம் ஒரு பேட்ஜ் தந்தார்கள்,
பத்தாம் வருடம் அதைவிடப் பெரிய பேட்ஜ்.

மூடுகிறோம் என்ற கடிதத்தில்
ஊர்ப் பெயரே இல்லை.
நான்கு இலக்க எண் ஒன்று.
இத்தனை காலம்
நாங்கள் அந்த எண்ணில்தான் குடியிருந்தோம் போல.

கடைசி நாள் எழுபத்தைந்து சதவீதத் தள்ளுபடி.
அலமாரிகளுக்கும் விலை ஒட்டியிருந்தார்கள்.
வண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி
சங்கிலி போட்டு லாரியில் ஏற்றினார்கள்.
மருந்துப் பிரிவின் இரும்புத்திரை
பாதியில் சிக்கி நின்றது.
ஒரு பையன் எட்டி உதைத்தான்.

இனி பாலுக்கு, ரொட்டிக்கு,
என் தம்பி க்ளியானின் இன்சுலினுக்கு
நாற்பத்தொரு மைல்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு
என் பியூக் கிளம்பும்.
பெட்ரோலுக்கு ஆளுக்கு மூன்று டாலர் என்று
சர்ச் பலகையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு போன்.
குரலைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமானது.
ப்ரூயிட்டின் விதவை.
தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டாள்:
இடம் இருக்குமா,
எனக்கு எவ்வளவு ஆகும்?

பலகையில் எழுதியிருக்கிறதே, அம்மணி,
என்றேன்.