வழக்கு எண் தெரியாது

"வழக்கு எண்?" என்கிறார் சிபியா.
தெரியாது.
"வருஷம்?"
ஊரே ஓட்டுப் போட வரிசையில் நின்ற வருஷம்.
ஏப்ரலில் அந்த வரிசை,
ஆகஸ்டில் எனக்கு இந்த வரிசை.
தொண்ணூற்று நான்கு என்று
பென்சிலால் குறித்துக்கொள்கிறார்.

உள்துறை அலுவலகத்துக் கணினியில்
நான் இன்னும் பூபாலனின் மனைவி.
இருபத்தொன்பது வருஷமாக
அவன் சட்டைக்கு ஒரு பொத்தான் தைக்காத மனைவி.
ஓய்வூதியக்காரர்கள் கேட்பது
தீர்ப்பின் நகல், முத்திரையோடு,
மூன்று மாதத்துக்குள் எடுத்தது.
என்னிடம் இருந்தது
போன வருஷம் மெர்பேங்கில் வெள்ளம் புகுந்தபோது
கட்டிலடிப் பெட்டியிலேயே கூழாகிவிட்டது.

படையாச்சி என்ற பேருக்கு மட்டும்
பதினொரு பக்கம்.
கடைசியில் இரண்டு ஈ போட்டவர்கள்,
ஒற்றை ஐயோடு நின்றவர்கள்,
வொய் போட்டு வாலை வளைத்தவர்கள்.
கப்பலிறங்கிய அன்று குமாஸ்தா காதில்
எப்படி விழுந்ததோ அப்படி.
பூபாலன் இரண்டு ஈ. அவன் தம்பி வொய்.
ஒரே வயிற்றில் பிறந்தும்
அகரவரிசையில் அடுத்தடுத்த வீடுகூட இல்லை.

மின்சாரம் போகிறது.
அட்டவணைப்படி இரண்டு மணி நேரம்.
சிபியா செல்போன் வெளிச்சத்தைப் பிடிக்கிறார்.
முதுகில் எண் உதிர்ந்த புத்தகம் ஒன்றைத்
தவறி இழுத்திருக்கிறோம்.
மை வெளுத்த கையெழுத்து. எழுபத்தொன்று.
மூடப் போனேன்.
விரல் அங்கேயே நின்றுவிட்டது.

படையாச்சி, தைலம்மாள். வாதி.
படையாச்சி, ரங்கசாமி. பிரதிவாதி.
கடைசிக் கட்டத்தில் சிவப்பில் ஒரே சொல்:
வாபஸ்.

என் மாமியார்.
பூபாலன் கையில் சமன் வந்த அன்று
குழாயடியில் கறிவேப்பிலை அலசிக்கொண்டே
"நம்ம வீட்டுப் பொம்பளை எவளும்
கோர்ட்டுப் படி மிதிச்சதில்லை" என்றவள்.
நான் பெட்டி கட்டுகையில்
எவர்சில்வர் டம்ளர்களை
எண்ணித் திருப்பி வாங்கியவள்.

பூபாலன் சொல்லுவான்:
ஆறு வயசில் ஒரு மழைக்காலம் முழுக்க
டொங்காட்டில் பெரியம்மா வீட்டில் கிடந்தேன்,
கரும்பு தின்றே பல் கெட்டது,
எதற்கு அனுப்பினார்கள் என்று யாரும் சொல்லவில்லை.
கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.
எழுபத்தொன்றில் அவனுக்கு ஆறு.

வக்கீல் காசை எந்த அரிசி டின்னில் சேர்த்தாள்?
எந்த பஸ்ஸில் வந்தாள்,
பக்கத்து வீட்டில் என்ன பொய் சொன்னாள்?
கோவிலில் தாலி கட்டியதோடு நின்றிருந்தால்
இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு
அவள் கல்யாணமே ஆகாதவள்.
எப்போதோ ஒருநாள் ரிஜிஸ்தரில் கையெழுத்திட்டிருக்கிறாள்.
தாலியில் இல்லாத கதவு
அந்தக் காகிதத்தில் இருந்திருக்கிறது.
கைப்பிடி வரை போயிருக்கிறாள்.
பிறகு யாரோ வந்து பேசியிருக்கிறார்கள்.
யாரோ எப்போதும் வருவார்கள்.

விளக்கு வந்த பிறகு
என் எண் சுலபமாகக் கிடைத்துவிட்டது.
"ஒரு படிவம்தானே, ம்மா?"
"ரெண்டு."

இரண்டாவதில் ஒரு கட்டம்:
மனுதாரருக்கும் வழக்காளிக்கும் என்ன உறவு?
மருமகள் என்று எழுதக் கை போகிறது.
அப்படியில்லை என்று நிரூபிக்கத்தானே
முதல் படிவம்.

"காலியா விடுங்க," என்கிறார் சிபியா.
"அவ்வளவு பழசு இங்கே இருக்காது,
மாரிட்ஸ்பர்க் காப்பகத்துக்குப் போயிருக்கும்.
இல்லாட்டி எலி தின்னிருக்கும்.
வியாழக்கிழமை போன் பண்ணுங்க."

தெரிந்தவர், என்று எழுதினேன்.
இன்று காலை பத்தேகால் வரை
அதுவும் பொய்.

நகலுக்குக் காசு பக்கக் கணக்கில்.
என்னுடையது மூன்று பக்கம் என்று ஞாபகம்.
அவளுடையது எத்தனை இருக்கும்?
பையைக் கவிழ்த்து
ரொட்டிப் பொட்டலத்துக்கு அடியில் கிடந்த
ரேண்ட் சில்லறையையும் சேர்த்து
மேசைமேல் பரப்புகிறேன்.