அறுபத்தைந்துக்கு எண்பத்தெட்டு

கண்ணாடியில் சிவப்பும் நீலமும் சுழன்றபோது
வழி விட்டு ஒதுங்கினேன்,
யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து.
அதுவும் என் பின்னாலேயே ஒதுங்கியது.

நெடுஞ்சாலை இரண்டு, நெப்ராஸ்கா.
முல்லனுக்குக் கிழக்கே பதினோரு மைல்.
இருட்டுகிற நேரம்,
புல் போர்த்திய மணற்குன்றுகள்,
பக்கத்திலேயே ஓடிவரும் தண்டவாளம்.

கைகளை ஸ்டீயரிங்கின் மேல் வைத்தேன்,
பத்து மணியிலும் இரண்டு மணியிலும்.
இருபத்தாறு வருடமாக அவை இருக்கும் இடம்.

"எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள், தெரியுமா?"
தெரியும். முள் ஏறுவதைப்
பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.
"அப்படியென்ன தலைபோகிற அவசரம்?"
ஒரு அவசரமும் இல்லை.
அதைச் சொன்னால் குற்றம் கூடுமா குறையுமா
என்று யோசிப்பதற்குள்
அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

"எங்கிருந்து வருகிறீர்கள்?"
வீட்டிலிருந்து.
"எங்கே போகிறீர்கள்?"
வீட்டுக்கு.
"இடையில்?"
தெட்ஃபோர்டு வரை போய்
பெட்ரோல் பங்கில் வண்டியைத் திருப்பினேன்.
"யாரைப் பார்க்க?"
யாரையும் இல்லை.

டார்ச் வெளிச்சம் பின்சீட்டில் மெல்ல நடந்தது:
காலி முட்டை அட்டைகள், நாயின் போர்வை,
ரேமண்டின் ஒற்றை பூட்ஸ்.
இன்னொன்று எங்கே என்று கேட்டால்
எனக்கும் தெரியாது.

உரிமத்தைப் பார்த்தான். வெர்லா ஸ்டானெக்.
பெயரில் அவன் கண் நிற்கவில்லை.
எனக்கோ அந்தக் காதுகளைத் தெரியும் போலிருந்தது.
மூன்றாவது வரிசை, ஜன்னலோரம்.
வளைவுகளில் வாந்தி எடுக்கும் டிரென்ட் குசெரா.
சட்டைப்பையின் மேல் பித்தளையில்
ஓபர்மையர் என்றிருந்தது.
சரி, காதுகள் எல்லோருக்கும்தான் இருக்கின்றன.

"டிக்கியைத் திறக்கலாமா?"
திற.

அங்கே அது கிடந்தது, எட்டு மூலைச் சிவப்புத் தகடு,
நடுவில் வெள்ளையில் 'நில்'.
"இது அரசாங்கச் சொத்து. எப்படி வந்தது உங்களிடம்?"
முதல் தடவையாக அவன் குரலில் போலீஸ் வந்தது.
திருப்பிப் பார் தம்பி, என்றேன்.

பின்பக்கம் முழுக்க மார்க்கர் மை,
கோணல்மாணலாய் நாற்பத்தொரு கையெழுத்து.
போன வெள்ளிக்கிழமை சாவியை ஒப்படைத்தபோது
பணிமனையில் பஸ்ஸிலிருந்து கழற்றிக் கொடுத்தார்கள்.
கேக்கும் இருந்தது. உலர்ந்த கேக்.

அவன் குனிந்து வாசித்தான்,
தேவைக்கு மேல் நாலைந்து நொடி.

பஸ் ஐம்பத்தைந்தைத் தாண்டாது, என்றேன்.
மிதித்தாலும் தாண்டாது.
எஞ்சினுக்குள் எதையோ வைத்துப் பூட்டியிருந்தார்கள்.
எனக்குள்ளும் என்று சொல்ல வாயெடுத்தேன்,
அவன் எழுத ஆரம்பித்திருந்தான்.

எழுதத்தான் செய்தான்.
இரண்டு டாலர்கூடக் குறைக்கவில்லை.
நீதிமன்றச் செலவு தனி என்றும்
கையெழுத்து ஒப்புக்கொள்வதாகாது என்றும்
மனப்பாடமாய்ச் சொன்னான்.
நாற்பத்திரண்டாவது கையெழுத்தை நான் போட்டேன்.

மிச்ச தூரமெல்லாம் அறுபத்துநாலில் போனேன்.
அவன் விளக்குகள் பின்னால் வந்தபடி இருந்தன,
அணைத்தும் அணைக்காத சந்தேகமாய்.

எங்கள் மண்சாலை திரும்பும் இடத்தில்
தண்டவாளத்தைக் கடக்கவேண்டும்.
ரயில் இல்லை, கண்ணுக்கெட்டியவரை இல்லை.
ஆனாலும் கால் பிரேக்கை மிதித்தது,
கை கதவைத் திறந்தது.
பஸ்ஸில் அப்படித்தான்:
நிறுத்து, கதவைத் திற, காது கொடு.
அந்த ஒரு நிமிடம் மட்டும்
கடைசி வரிசைப் போக்கிரிகள்கூட
மூச்சை அடக்கிக்கொள்வார்கள்.

குளிர் உள்ளே வந்தது.
புல் உரசும் சத்தம். தூரத்தில் காற்றாலை.

பின்னால் அவனும் நின்றிருந்தான்.
ஹார்ன் அடிக்கவில்லை.
அவன் காரில் கரகரத்துக்கொண்டிருந்த ரேடியோ
சட்டென்று அடங்கியது போலிருந்தது.

கதவைச் சாத்திவிட்டுக்
கடந்தேன்.